ஞானத்துக்கு முன்னால் ஒரு தூக்கம்

என் தம்பி மழையில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டதால், ஞானம் பெறுவதற்கு நான் கோயம்புத்தூருக்குப் போக வேண்டியதாயிற்று.

தம்பிக்கு மலேசியாவில் சுங்கைப் பட்டாணியில் மரச்சாமான் கடை. ஐம்பது வயதைத் தொட்டதும் வாழ்க்கைக்கு என்ன பொருள் என்று திடீரெனக் கேட்க ஆரம்பித்தான். கிணத்துக்கடவுக்கு அருகே தென்னந்தோப்புக்குள் இருக்கும் ஓர் ஆசிரமத்தில் ஞான முகாம் நடக்கிறது என்று யாரோ சொல்ல, அதில் இடமும் பிடித்துவிட்டான். பிறகுதான் கால் உடைந்தது. "இடம் வீணாப் போகக் கூடாதுக்கா. எனக்குப் பதிலா நீ போ. கேட்டதையெல்லாம் வந்து சொல்லு" என்றான். நான் ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை. வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவளுக்கு ஞானமும் இன்னொரு பாடம்தானே என்று கிளம்பிவிட்டேன்.

கோயம்புத்தூரில் முதலில் என் காதில் விழுந்தது 'ங்க'. ஓட்டலில் பரிமாறியவர், "ஏனுங்கம்மா, இன்னொரு இட்லி வெச்சுக்கறீங்களா?" என்றார். ஆட்டோக்காரர், "எங்கீங்க போகோணும்?" என்றார். எங்கள் ஊரில் முன்பின் தெரியாதவர் இவ்வளவு பணிவாகப் பேசினால் ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று சந்தேகப்படுவோம். இங்கே அப்படி ஒன்றுமில்லை. சிறுவாணித் தண்ணீரைக் குடித்துப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டும், அது ஒன்றுதான் அவர்களுடைய எதிர்பார்ப்பு. சொன்னேன். உண்மையிலேயே நன்றாக இருந்தது.

உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறினேன். ஒத்தக்கால்மண்டபம் தாண்டியதும் டயர் வெடித்தது. மாற்று டயரைக் கீழே இறக்கிப் பார்த்தால் அதிலும் காற்று இல்லை. எங்கள் ஊராக இருந்தால் இந்நேரம் நாலு பேர் டிரைவரைப் பிடித்து உலுக்கியிருப்பார்கள். இங்கே எல்லோரும் இறங்கிப் புளியமரத்தடியில் நின்று, எந்த டயர் எத்தனை நாள் ஓடும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். கோபப்பட்டவள் நான் ஒருத்திதான்.

பக்கத்து சீட்டில் வந்தவர் கோயம்புத்தூர்க் கோட்டைமேட்டுக்காரர். கைலி மூட்டைகளோடு பொள்ளாச்சிக்குப் போகும் பாய். எனக்கும் ஓர் இளநீர் வெட்டச் சொன்னார்.

"எங்க போறீங்கம்மா?"

"ஞானம் படிக்க."

அவர் இளநீரை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னை ஒரு முறை பார்த்தார். "அதுக்கெல்லாமா கிளாஸ் நடத்தறாங்க?" என்றார். பிறகு, நான் வருத்தப்படக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, "நல்லதுதானுங்க" என்று சேர்த்துக்கொண்டார்.

அடுத்து வந்த பஸ்ஸில் எங்கள் பஸ் கூட்டமும் ஏறியது. பாயின் மூட்டைகளில் ஒன்று என் மடியில் உட்கார்ந்துகொண்டது. கிணத்துக்கடவு குன்றின் மேல் முருகன் கோயில் தெரிந்தபோது எனக்குக் கால் மரத்துப் போயிருந்தது.

ஆசிரமம் அழகான இடம். வரிசையாகத் தென்னைகள், நடுவில் ஓட்டுக் கூரை போட்ட மண்டபம், வாய்க்காலில் தண்ணீர். என் அறையில் எனக்கு முன்பே ஓர் அம்மாள் கட்டிலைப் பிடித்து, கொசுவலையும் கட்டியிருந்தார்.

"ரோஸ்லின். ஸ்டாஃப் நர்ஸா இருந்து ரிட்டயர்டு" என்று கை நீட்டினார். "ஞாயித்துக்கிழமை சர்ச். மத்த நாள்ல யாரு நல்லது சொன்னாலும் போய்க் கேட்டுக்குவேன். நீங்க குறட்டை விடுவீங்களா?"

விடுவேன் என்றேன். "பரவாயில்ல, நைட் டூட்டி பாத்த காது" என்றார். அந்த நிமிடமே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

மறுநாள் காலை முதல் வகுப்பு. பாடம் சொன்னவர் தாடியும் காவியும் இல்லாத மனிதர். ஒரு காலத்தில் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக் கொடுத்தவராம். வெள்ளை வேட்டி, தடித்த கண்ணாடி. எல்லோரும் சாமி என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். குரல் நல்ல குரல், தெளிவான பேச்சு. ஞானம் கிடைப்பதற்கு முன் ஒருவரிடம் என்னென்ன இருக்க வேண்டும் என்பது அன்றைய பாடம். நிலையானது எது, நிலையற்றது எது என்று பிரித்துப் பார்க்கும் அறிவு வேண்டும். பற்று விட்டிருக்க வேண்டும். மனம் அடங்கியிருக்க வேண்டும். பொறுமை வேண்டும். விடுபட வேண்டும் என்ற தவிப்பு வேண்டும். இவை இல்லாதவர்களுக்குச் சொன்னாலும் பயன் இல்லை என்றார். முன்வரிசையில் இருந்த ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவர், எல்லாமே தன்னிடம் இருப்பதுபோல் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

எனக்கு உள்ளே ஏதோ உறுத்தியது. நான் பாடம் நடத்திய காலமெல்லாம் எந்தப் பிள்ளையையும், உனக்குத் தகுதி இருக்கிறதா என்று கேட்டு உள்ளே விட்டதில்லை. வந்த பிள்ளை வந்ததுதான்.

மத்தியானம் அரிசியும் பருப்பும் சேர்த்து வேகவைத்த சாதம் போட்டார்கள். அதன் மேல் நெய், பக்கத்தில் தயிர். தோட்டத்தில் நாங்கள் நெத்திலிக் கருவாடு இல்லாமல் சோற்றைத் தொடமாட்டோம். அன்று கருவாட்டின் நினைவே வரவில்லை. மூன்றாவது முறை வாங்கிச் சாப்பிட்டேன். மறுநாள் காலை சந்தவை. அரிசி மாவை வேகவைத்துப் பிழிந்து, தேங்காய்ப்பால் ஊற்றிக் கொடுத்தார்கள். சமைத்தவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியாது என்று வகுப்பு முடிந்ததும் சமையல்கட்டுக்குப் போனேன்.

மண்டபத்தை ஒட்டினாற்போல் சமையல்கட்டு. நடுவில் ஒரு ஜன்னல். உள்ளே மூன்று பெண்கள். மூத்தவர் வேலாத்தாள். ஒல்லியான உடம்பு, நெற்றியில் வியர்வையோடு கலந்த திருநீறு. நான் பாராட்டியதைக் கேட்டுக்கொண்டு நின்றவர், கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"ஏனுங்கம்மா, இன்னைக்கி சாமி, பயம் எங்கிருந்து வருதுன்னு கேட்டாருங்கல்ல? அப்பப் பாத்து கிரைண்டரப் போட்டுட்டாங்க. பதில் காதுல உழுகல. என்னங்க சொன்னாரு?"

எனக்கு நினைவில்லை. அந்த நேரத்தில் சந்தவைக்குத் தேங்காய்ப்பால் நல்லதா வெல்லப்பாகு நல்லதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதை அப்படியே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"தினமும் இதேதானுங்க. கேள்வி கேக்குது. பதிலுக்குள்ள கிரைண்டர் ஓடுது, இல்லாட்டி தாளிப்பு."

"பயத்தைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியணும்?"

"எனக்குப் பயமுங்க. ஊட்டுக்காரரு மில்லுல வேலை செஞ்சு நெஞ்செல்லாம் பஞ்சு. படுத்த படுக்கையா இருக்கறாரு. ராத்திரி மூச்சு எளைக்கறப்பப் பயம். மூச்சுச் சத்தம் கேக்கலீன்னா அதவிடப் பயம். எங்கிருந்து வருதுன்னு தெரிஞ்சுதுன்னா பரவாயில்லீங்களே."

முகாமுக்கு வந்திருந்த அத்தனை பேரில் யாருக்கும் இப்படி ஒரு கேள்வி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. எனக்கே இல்லை. நான் தம்பிக்காக வந்தவள்.

மறுநாள் வகுப்பில் எழுந்து நின்றேன். "சமையல்கட்டில் இருக்கிறவங்களும் கேக்க ஆசைப்படறாங்க. அவங்க வேலை முடியற நேரத்தில வகுப்பை வெச்சா என்ன?"

சாமி பதில் சொல்வதற்குள், வாசலில் நின்ற நிர்வாகி முந்திக்கொண்டார். எந்நேரமும் சாவிக்கொத்தோடு திரிகிற மனிதர். "அதெல்லாம் சரிப்பட்டு வராதுங்கம்மா. இந்தப் பாடத்துக்குன்னு ஒரு தகுதி வேணுமுங்க. முத நாளே சாமி சொன்னாருங்களே?" இந்த ஊரில் மறுப்பும் மரியாதையோடுதான் வரும் என்று அப்போது தெரிந்துகொண்டேன். சாமி அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

அறைக்கு வந்து ரோஸ்லினிடம் கொதித்தேன். அவர் கொசுவலையைச் சரிசெய்துகொண்டே, "சும்மா கத்தி என்ன பண்றது? உங்க இடத்துல அந்தம்மாவ உக்கார வெய்யுங்க. நீங்க போய் அரிசி களையுங்க" என்றார்.

அதுதான் சரி. தம்பிக்குப் பதிலாக நான் வந்தபோது யாரும் தகுதி கேட்கவில்லை. எனக்குப் பதிலாக வேலாத்தாள் உட்கார்ந்தால் மட்டும் எதற்குக் கேட்க வேண்டும்?

வேலாத்தாள் லேசில் சம்மதிக்கவில்லை. கூட வேலை செய்த மல்லிகாதான், "போக்கா, நாங்க பாத்துக்கறோம்" என்று தள்ளிவிட்டாள். அடுத்த நாள் காலை வேலாத்தாள் முகம் கழுவி, சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மண்டபத்தின் கடைசி வரிசையில் என் பாயில் போய் உட்கார்ந்தார். ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே நான் கத்தரிக்காய் நறுக்கினேன்.

சாமி பேச ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். வேலாத்தாளின் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. நிமிர்ந்தது. மறுபடி சாய்ந்தது. பிறகு தூணில் முட்டுக்கொடுத்து நின்றுவிட்டது. அடுத்து ஒரு சத்தம் கேட்டது. குறட்டை.

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வங்கி அதிகாரி திரும்பிப் பார்த்துப் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொல்ல, சிரிப்பு பரவியது. அந்தச் சத்தத்தில் விழித்துக்கொண்ட வேலாத்தாள், எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் நாலு பக்கமும் பார்த்தார். தெரிந்ததும் எழுந்து ஓடிவந்துவிட்டார்.

நிர்வாகி சமையல்கட்டு வாசலுக்கே வந்தார். "பாத்தீங்களாங்கம்மா? இதுக்குத்தான் சொன்னேனுங்க. எல்லாத்துக்கும் ஒரு தகுதி வேணும்."

வேலாத்தாள் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி அடுப்புக்குள் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார். "உட்ருங்கம்மா. தூங்கிப்போட்டேனுங்க. உக்காந்தா தூங்கிருவேன்னு எனக்குத் தெரியுமுங்க. அதனாலதான் நான் எங்கயும் உக்கார்றதே இல்லீங்க."

வகுப்பிலிருந்து பின்னாலேயே வந்துவிட்ட ரோஸ்லின், நாடியைப் பிடித்துப் பார்க்கும் குரலில் கேட்டார். "ராத்திரி எப்பத் தூங்குவீங்க?"

"அவரு இருமுனா எந்திரிக்கோணும். விடியறதுக்கு முன்னால எருமைக்குத் தண்ணி காட்டிப் பால் கறக்கோணும். அப்பறம் இங்க வந்துருவனுங்க."

"அப்பத் தூக்கம்?"

"அது எப்பவாச்சும் வருமுங்க."

எங்கள் தோட்டப் பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்தது. இருட்டோடு பால்வெட்டுக்குப் போகிற அம்மா அப்பாவோடு எழுந்து, ரப்பர் பால் வடியும் மங்குகளைக் கழுவிக் கொடுத்துவிட்டு வருகிற பிள்ளைகள் முதல் பாடத்திலேயே மேசையில் கவிழ்ந்துவிடும். நான் எழுப்பமாட்டேன். தூங்கி எழுந்த பிறகுதான் கணக்கு ஏறும். பள்ளியைப் பார்வையிட வந்த அதிகாரி ஒருவர் இதற்காக என்னைத் திட்டியிருக்கிறார். ஒரு நாள் பிள்ளைகளோடு சேர்ந்து எழுந்து பாருங்கள் என்று அவருக்குப் பதில் சொன்னேன். அன்றைக்கு வந்த அதே கோபம் எனக்கு இப்போது வந்தது.

மறுநாள் வேலாத்தாளை வகுப்புக்கு அனுப்பவில்லை. எங்கள் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், ரோஸ்லின் கட்டிலில் படுக்க வைத்துக் கொசுவலையை இறக்கிவிட்டோம். "ஐயோ வேண்டாமுங்க, வேலை கெடக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், பேச்சு முடிவதற்குள் தூங்கிப்போனார். ரோஸ்லின் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து காவல் காத்தார். நான் உப்புமா கிண்டினேன். அத்தனை பேருக்கு ஒரே அண்டாவில் கிண்டிப் பழக்கம் இல்லை. மல்லிகா, "அம்மிணி, அடி பிடிக்குது பாருங்க" என்று கத்த, நான் வேகமாகக் கிளற, கட்டி கட்டியாக ஏதோ ஒன்று வந்தது. சுங்கைப் பட்டாணியில் என் வீட்டு நாய் அதை மோந்துகூடப் பார்த்திருக்காது.

அடுத்த நாளும் அதே கதை. வேலாத்தாள் தூங்கினார். நான் பொங்கலைக் குழைய விட்டேன்.

வகுப்பு முடிந்ததும் சாமியே சமையல்கட்டுக்கு வந்துவிட்டார்.

"ரெண்டு நாளா யாரு சமையல்?"

"நான்தான் சாமி."

"வகுப்புக்கு வரலையே நீங்க?"

"வகுப்புக்கு வர வேண்டியவங்க தூங்கறாங்க. அவங்க எந்திரிச்சு வர்ற வரைக்கும் நான் இங்கதான்."

அவர் முகம் சுருங்கியது. "இந்த ஆசிரமத்துக்கு ஒரு ஒழுங்கு இருக்கும்மா. மாத்தறதுக்கு முன்னாடி கேட்டிருக்கலாம்."

"கேட்டேன் சாமி. எல்லார் முன்னாலயும் எழுந்து நின்னு கேட்டேன். நீங்க அடுத்த பாடத்துக்குப் போயிட்டீங்க."

நான் விடவில்லை. "ஞானத்துக்கு முன்னால என்னென்ன வேணும்னு சொன்னீங்க. அதுல தூக்கம் இல்லையே. உக்கார நேரம், கை சும்மா இருக்க ஒரு பொழுது, அதுவும் இல்லையே."

"அதை எழுதினது நான் இல்லையே."

"எழுதினவருக்குச் சோறு ஆக்கிப் போட்டது யாருன்னும் யாரும் எழுதல. நாங்க மனசை அடக்கிக்கிட்டு வரிசையா உக்கார்ந்திருக்கோம்னா, அது இவங்க மூணு பேரும் நிக்கறதாலதான் சாமி. இவங்க உக்கார்ந்து பாக்கட்டும். அதுக்கப்புறம் யாருக்குத் தகுதி இருக்கு, யாருக்கு இல்லன்னு பேசலாம்."

சொன்ன பிறகுதான் என் கையில் கரண்டி இருந்ததைக் கவனித்தேன். அதை அவர் முகத்துக்கு நேராக ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் கரண்டியைப் பார்த்தார், குழைந்த பொங்கலைப் பார்த்தார், போய்விட்டார்.

அன்று சாயங்காலம் நிர்வாகி வந்து வேலாத்தாளிடம், "அடுத்த முகாமுக்கு வேற ஆள் பாத்துக்கறோம், நீங்க சிரமப்பட வேண்டாமுங்க" என்று சொன்னார். 'ங்க'வோடுதான் சொன்னார். வேலாத்தாள் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் விமானம் ஏறிப் போய்விடுவேன். இந்தப் பெண்ணின் வேலை போய்விட்டால்?

வாய் திறந்தது மல்லிகா. "அக்காவுக்கு வேலை இல்லீன்னா நாளையிலிருந்தே நாங்களும் வரலீங்க. பாத்துக்கங்க."

"உங்கள யாரும் வேண்டாம்னு சொல்லலீங்களே?"

"நாங்க சொல்றமுங்க" என்றாள் மல்லிகா. மூன்றாவது பெண்ணும் தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டு எழுந்து நின்றாள். நிர்வாகி சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். இன்னும் பாதி முகாம் மீதி இருந்தது. என் பொங்கலையும் அவர் சாப்பிட்டிருந்தார். "பேசிக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

மறுநாள் காலை மண்டபத்தில் சாமி அறிவித்தார். "இன்னையிலிருந்து வகுப்பு மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம். பாத்திரம் கழுவி முடிச்ச பிறகு. நாம எல்லாரும் சேர்ந்து கழுவினா சீக்கிரம் முடியும்."

நிர்வாகி பதறினார். "சாப்பிட்டாத் தூக்கம் வருமுங்களே சாமி?"

"வந்தாத் தூங்கட்டும்" என்றார் அவர்.

அன்று மத்தியானம் வேலாத்தாளே சமைத்தார். கொள்ளு ரசமும் பச்சைப்பயறு கடைசலும். முகாமே ஒரு மாதத்துப் பட்டினியைத் தீர்ப்பதுபோல் சாப்பிட்டது. வரிசையாக உட்கார்ந்து பாத்திரம் கழுவினோம். தன் தட்டைத் தானே தேய்ப்பது இதுதான் முதல் தடவை என்பது மில் முதலாளி வீட்டு அம்மாள் ஒருவரின் கையைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் தேய்த்தார்.

வகுப்பு தொடங்கியது. சமையல்கட்டுப் பெண்கள் மூவரும் இரண்டாம் வரிசையில். எனக்கும் ரோஸ்லினுக்கும் நடுவில் வேலாத்தாள். கிரைண்டர் ஓடவில்லை. தென்னங்கீற்றுச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. சாமி பேச ஆரம்பித்துச் சற்று நேரத்தில் முன்வரிசையிலிருந்து குறட்டை வந்தது. வங்கி அதிகாரி. வாய் திறந்து, தலை பின்னால் சாய்ந்து, சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தார். யாரும் சிரிக்கவில்லை. அவருடைய தகுதியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நிர்வாகி பூனைபோல் எழுந்து போய், அவருக்கு நேர் மேலே இருந்த மின்விசிறியைக் கொஞ்சம் வேகமாக வைத்தார்.

ரோஸ்லின் என் தொடையைக் கிள்ளினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வேலாத்தாள் தூங்கவில்லை. கையை உயர்த்தினார். "சாமி, அன்னைக்கி பயம் எங்கிருந்து வருதுன்னு கேட்டீங்களே. அதுக்கு நீங்க சொன்ன பதில் எனக்குக் கேக்கலீங்க."

சாமி மறுபடியும் சொன்னார். நமக்கு வேறாக ஒன்று இருக்கிறது, அது வந்து நம்மிடமிருந்து எதையோ எடுத்துக்கொண்டு போய்விடும் என்று நினைக்கிறோம், அந்த நினைப்பில்தான் பயம் பிறக்கிறது என்றார். நிறைய வடமொழிச் சொற்களோடு சொன்னார்.

"புரியலீங்க. இன்னொருக்காச் சொல்லுங்க."

முகாம் தொடங்கியதிலிருந்து அந்த மண்டபத்தில் புரியவில்லை என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். இந்த முறை வடமொழி இல்லாமல், நிதானமாக, உதாரணத்தோடு சொன்னார். எனக்கும் அப்போதுதான் விளங்கியது.

வேலாத்தாள் யோசித்தார். "செரிங்க. ஆனா எடுத்துக்கிட்டுப் போறது நெசமாவே இருக்குதுங்களே சாமி? எங்க ஊட்டுக்காரரு மூச்சுல பாதிய எடுத்துப்போட்டுத்தானுங்க போயிருக்குது. அது வெறும் நெனப்பு இல்லீங்களே?"

வாசலில் நின்ற நிர்வாகி சாவிக்கொத்தைக் குலுக்கி, "சாமி, நேரமாச்சுங்க" என்றார். எல்லோரும் அசைந்து எழத் தொடங்கினார்கள்.

வேலாத்தாள் எழவில்லை. சம்மணம் போட்டபடியே சாமியைப் பார்த்துக் கேட்டார்.

"நாளைக்கும் இதே நேரந்தானுங்களே? வாரனுங்க."